ஓட்டல் சாப்பாட்டால் வயிறு கெட்டால் தென்னாப்பிரிக்காவில் நஷ்டஈடு கேட்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை. டர்பனில் ஓர் ஓட்டலிலிருந்து வாங்கி வந்த சிக்கன் பிரியாணியால் எங்கள் வீட்டில் மூன்று பேர் படுத்தோம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு டிரிப் ஏற்ற வேண்டியதாயிற்று. அதற்காக, சின்னத் தொகைக் கேஸ்களைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் வரை போய்வந்தேன். அன்றிலிருந்து எங்கள் கோவில் வாட்ஸ்அப் குழுவில் யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் எனக்குத்தான் போன் வருகிறது. திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் என்பதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

நேற்று ஓட்டலில் சாப்பிட்டேன், இன்று வாந்தியும் பேதியும். முதலில் என்ன செய்வது?

முதலில் டாக்டரைப் பாருங்கள், கேஸ் அப்புறம். காய்ச்சல், மலத்தில் ரத்தம், தண்ணீர் குடித்தாலும் தங்காத வாந்தி, சிறுநீர் குறைவது இதில் ஏதாவது இருந்தால் வீட்டில் உட்கார்ந்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் இன்னும் சீக்கிரம்.

டாக்டரிடம் கூச்சப்படாமல் மலப் பரிசோதனை கேளுங்கள். ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்பே மாதிரி கொடுத்துவிட வேண்டும். மாத்திரை உள்ளே போய்விட்டால் கிருமி வளராமல் போகலாம், அப்புறம் ரிப்போர்ட்டில் ஒன்றும் இருக்காது. பல டாக்டர்கள் 'இரண்டு நாளில் சரியாகிவிடும்' என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். உடம்புக்கு அது போதும், கேஸுக்குப் போதாது. எந்த ஓட்டல், எத்தனை மணிக்குச் சாப்பாடு, எப்போது வயிற்று வலி ஆரம்பித்தது என்பதையும் டாக்டரின் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

மிச்சச் சாப்பாட்டைக் கொட்டாதீர்கள். டப்பாவோடு ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, தேதி எழுதி, ஃபிரிட்ஜில் தனியாக வையுங்கள். நான் இங்கேதான் கோட்டை விட்டேன். ஞாயிறு காலை வீட்டைச் சுத்தம் செய்யும்போது, நாற்றம் தாங்காமல் டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டேன். மத்தியானம் மூவருக்கும் ஆரம்பித்தது.

இன்னொன்று, பில். ஓட்டல் பில் வெயிலில் கறுத்தோ வெளுத்தோ போகிற காகிதம். என்னுடையது கார் டேஷ்போர்டில் நான்கு நாள் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது கடையின் பெயரில் பாதிதான் தெரிந்தது, தொகை சுத்தமாக இல்லை. நல்லவேளை, கார்டில் கட்டியிருந்ததால் பேங்க் ஸ்டேட்மென்ட் கைகொடுத்தது. வாங்கிய அன்றே பில்லை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். ஆப்பில் ஆர்டர் செய்திருந்தால் அந்த ஆர்டர் பக்கமே சாட்சி.

கடைசியாகச் சாப்பிட்ட சாப்பாடுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

பெரும்பாலும் சொல்ல முடியாது. எல்லோரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். மத்தியானம் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி நிரப்பிய டர்பன் சாப்பாடு) சாப்பிட்டு ராத்திரி வாந்தி எடுத்தால் பன்னி சௌமேல் பழி போடுகிறோம். முந்தாநாள் சாப்பிட்ட கோழி நினைவுக்கே வராது.

ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சு என்றால் அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி. வடித்த சோற்றை வெளியிலேயே வைத்திருந்து மறுநாள் வறுத்துக் கொடுத்தால் வருவது பாசில்லஸ் சீரியஸ், அதில் ஒரு வகை ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியைக் கிளப்பும். பெரிய அண்டாவில் செய்த கறி மெதுவாக ஆறும்போது பெருகுவது குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ். 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றை முறுக்கிப் பேதியாகும், வாந்தி அவ்வளவாக இருக்காது. கல்யாண வீட்டுப் பிரியாணிக்கு மறுநாள் வருகிற வயிற்றுப்போக்கில் இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். சால்மொனெல்லா 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை எடுக்கும். கேம்பிலோபாக்டர் இரண்டிலிருந்து ஐந்து நாள். லிஸ்டீரியா சில சமயம் இரண்டு மாதம் கழித்துக்கூடக் காட்டும்.

ஆகவே கடைசி வேளையை மட்டும் பார்க்காமல், மூன்று நான்கு நாள் சாப்பிட்டதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே யார் யார் எதைச் சாப்பிட்டார்கள், யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்றும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் பிரியாணியைத் தொடாதவள் மகள் மட்டும்தான். அவள் ஃபிரிட்ஜில் இருந்த தோசை மாவில் தோசை சுட்டுச் சாப்பிட்டாள். மூன்று பேர் படுத்துக்கிடக்க அவள் மட்டும் ஓடியாடிக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் நீதிபதி இடத்தில் உட்காரும் கமிஷனர் இதை இரண்டு முறை திருப்பிக் கேட்டார்.

ஓட்டல்காரர் கவனக்குறைவாக இருந்தார் என்று நான் நிரூபிக்க வேண்டுமா?

முன்பு வேண்டியிருந்தது. ஒரு மருந்து நிறுவன வழக்கில் 2003-இல் சுப்ரீம் கோர்ட் ஆஃப் அப்பீல், கவனக்குறைவைக் காட்டாமல் பொறுப்பைச் சுமத்த முடியாது, வேண்டுமானால் பார்லிமென்ட் சட்டம் கொண்டுவரட்டும் என்று சொல்லிவிட்டது. அடுப்படிக்குள் நடந்ததை வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டவர் எப்படிக் காட்டுவார்?

2008-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (அந்த ஆண்டின் 68-ஆம் எண் சட்டம்) இதை மாற்றியது. அதன் 61-ஆம் பிரிவுதான் நமக்கு வேண்டியது. பாதுகாப்பற்ற, குறையுள்ள பொருளால் கெடுதல் வந்தால் தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், விநியோகித்தவர், விற்றவர் எல்லோரும் பொறுப்பு. அவர்கள் கவனமாக இருந்தார்களா இல்லையா என்ற பேச்சே இல்லை. மரணம், காயம், நோய், அவற்றால் வந்த பண நஷ்டம் எல்லாம் அந்தக் கெடுதலில் அடங்கும்.

இதைக் கேட்டதும் சிலர் ஜெயித்துவிட்ட மாதிரி பேசுகிறார்கள். அவசரம் வேண்டாம். கவனக்குறைவை நிரூபிக்க வேண்டாமே தவிர, அந்தச் சாப்பாடு கெட்டிருந்தது, அதனால்தான் நோய் வந்தது என்ற இரண்டையும் நீங்கள்தான் காட்ட வேண்டும். கொலைக் கேஸ் அளவுக்கு இல்லை, 'அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்ற அளவுக்குக் காட்டினால் போதும். மேலே சொன்ன ரிப்போர்ட்டும் தாளும் அதற்குத்தான்.

ஓட்டலில் 'நாங்கள் பொறுப்பல்ல' என்று போர்டு மாட்டியிருந்தார்கள். அவ்வளவுதானா?

அவ்வளவு சுலபத்தில் கைகழுவ முடியாது. பொறுப்பைக் குறைக்கும் வாசகத்தை எளிய மொழியில், வாடிக்கையாளர் கண்ணில் படும்படி முன்கூட்டியே காட்ட வேண்டும் என்கிறது 49-ஆம் பிரிவு. படுமோசமான அலட்சியத்துக்கு எந்த வாசகமும் காப்பாற்றாது என்கிறது 51-ஆம் பிரிவு.

'லோட் ஷெடிங்கில் ஃபிரிட்ஜ் நின்றுபோச்சு, நாங்கள் என்ன செய்வது' என்கிறார்கள்.

இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் சொல்கிற சாக்கு இது. கரண்ட் போனதால் இறைச்சி கெட்டுவிட்டது என்பது, கெட்ட இறைச்சியைச் சமைத்துக் கொடுத்தோம் என்று அவர்களே ஒப்புக்கொள்வதுதானே? 61-ஆம் பிரிவில் விலக்குகள் சில உண்டு. பொருள் கைமாறியபோது குறை இல்லை, குறையைக் கண்டுபிடிக்கும் நிலையில் விற்றவர் இல்லை என்பவை அவற்றில் முக்கியம். கரண்ட் போனது அந்தப் பட்டியலில் இல்லை. வாட்ஸ்அப்பில் அப்படி எழுதியிருந்தால் அழித்துவிடாதீர்கள்.

பில் கட்டியது மாமா. நான் கேட்க முடியுமா?

முடியும். பணம் கொடுத்தவர் மட்டும் நுகர்வோர் இல்லை. அந்தப் பொருளைப் பயன்படுத்தியவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. கேட்டரிங் வைத்து நடந்த கல்யாணத்தில் சாப்பிட்ட விருந்தாளிக்கும் இது பொருந்தும்.

கோவில் அன்னதானம், ஆடி மாதக் கூழ் எல்லாம் வேறு கதை. அங்கே விலையும் இல்லை, வியாபாரமும் இல்லை. 61-ஆம் பிரிவை அங்கே கொண்டுபோவது கஷ்டம், பழையபடி கவனக்குறைவைக் காட்ட வேண்டியிருக்கும். கூழ் ஊற்றிய அக்காமேல் கேஸ் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நிறையப் பேருக்கு வந்திருந்தால் முனிசிபாலிட்டிக்குச் சொல்லத்தான் வேண்டும்.

யாரிடம் புகார் கொடுப்பது?

முதலில் உங்கள் முனிசிபாலிட்டியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு. டர்பனில் அது ஈதெக்வினி. ஹெல்த் இன்ஸ்பெக்டர் கடைக்குப் போய் மாதிரி எடுக்கலாம், தேவைப்பட்டால் சமையலை நிறுத்தச் சொல்லலாம். சாப்பாடு விற்கும் எந்த இடத்துக்கும் 2018-இல் வந்த ஆர்638 விதிகளின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். சி.ஓ.ஏ. என்பார்கள். அதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். சூடாகப் பரிமாற வைத்திருக்கும் சாப்பாடு உள்ளுக்குள் 60 டிகிரிக்குக் குறையக்கூடாது என்பதும் அந்த விதிகளில் உண்டு. நீங்கள் போன கடையில் சி.ஓ.ஏ. மாட்டியிருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தபோது சுவரில் சாயிபாபா படமும் லாட்டோ விளம்பரமும்தான் நினைவுக்கு வந்தன.

புகாரை எழுத்தில் கொடுத்து நம்பர் வாங்குங்கள். இன்ஸ்பெக்டரின் அறிக்கை பின்னால் கேஸுக்கு உதவும். ஆனால் பணம் வாங்கித்தருவது அவர் வேலை இல்லை. சாப்பாட்டால் ஒரு கூட்டமே நோயில் விழுந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டியது டாக்டரின் கடமை. அந்தத் தகவல் தேசியத் தொற்றுநோய் நிறுவனமான என்.ஐ.சி.டி.க்குப் போகும்.

அடுத்தது நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் கன்ஸ்யூமர் குட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்புட். இலவசம், ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். சாப்பாட்டுப் பணத்தைத் திருப்பி வாங்க நல்ல வழி. நஷ்டஈடு என்றால் கோர்ட்தான். இருந்தாலும் அங்கே ஒரு புகார் போட்டு வைப்பது நல்லது. மற்ற வழிகளை முயன்றுவிட்டுத்தான் கோர்ட்டுக்கு வர வேண்டும் என்ற பொருளில் 69-ஆம் பிரிவு பேசுகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டால் ஆம்புட் நம்பரை நீட்டலாம்.

எவ்வளவு கேட்கலாம்?

ஆஸ்பத்திரி, மருந்து, லேப், போக்குவரத்துச் செலவு. வேலைக்குப் போகாததால் இழந்த சம்பளம். வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை. சிறுநீரகம் பாதித்தது போன்ற நீண்டகாலச் சிக்கல் இருந்தால் எதிர்கால வைத்தியச் செலவு. இவ்வளவுதான். அமெரிக்காவில் கோடிக்கணக்கில் கொடுத்தார்கள் என்று யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஓட்டல்காரரைத் தண்டிப்பதற்காகக் கூடுதல் தொகை கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. இரண்டு நாள் பேதிக்கு லட்சம் ரேண்ட் கேட்டால் வக்கீலே சிரிப்பார்.

சம்பளத்தில் ஒரு நுணுக்கம். சிக் லீவில் சம்பளம் வந்திருந்தால் அந்த நாளுக்கு நஷ்டம் கேட்க முடியாது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போகவில்லை என்றால் முதலாளி மருத்துவச் சான்று கேட்கலாம். அந்தச் சான்றின் நகலை இந்தக் கோப்பிலும் வையுங்கள். தினக்கூலிக்குப் போகிறவர், சொந்தமாக டேக்அவே கடை வைத்திருப்பவர் என்றால் முந்தைய மாதங்களின் கணக்கைக் காட்ட வேண்டியிருக்கும்.

எந்தக் கோர்ட்?

20,000 ரேண்ட் வரை ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். இந்த வரம்பு 2019 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, அதற்கு முன் 15,000. உங்கள் நஷ்டம் 23,000 என்றாலும் 3,000-ஐ விட்டுக்கொடுத்துவிட்டு இங்கேயே வரலாம். பெரிய கோர்ட்டுக்கு ஆகும் செலவை நினைத்தால் பலருக்கு அதுவே லாபம். அதற்கு மேல் 2,00,000 வரை மாவட்ட மாஜிஸ்திரேட் கோர்ட், 4,00,000 வரை ரீஜனல் கோர்ட், அதையும் தாண்டினால் ஹைகோர்ட்.

ஸ்மால் கிளெய்ம்ஸில் வக்கீல் வாதாட அனுமதி இல்லை. ஓட்டல்காரருக்கும் இல்லை. அதுதான் அதன் அழகு. முதலில் என்ன நடந்தது, எவ்வளவு வேண்டும் என்று ஒரு கடிதம். நேரில் கொடுங்கள் அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 14 நாள் அவகாசம். பதில் இல்லை என்றால் கடித நகல், கொடுத்ததற்கான அத்தாட்சி, ரசீதுகளோடு ஓட்டல் இருக்கும் பகுதியின் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய் ஸ்மால் கிளெய்ம்ஸ் கிளார்க்கைப் பாருங்கள். அவரே சம்மன் தயாரிக்க உதவுவார். சம்மனை ஷெரிஃப் (கோர்ட்டின் அலுவலர்) மூலம் கொடுத்தால் அவருக்கு மட்டும் கட்டணம். கடையின் போர்டில் இருக்கும் பெயரும் பதிவான கம்பெனியின் பெயரும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். நான் போர்டில் இருந்த பெயரை எழுதிக் கொடுத்து, கிளார்க் திருப்பி அனுப்பி, ஒரு நாள் லீவு வீண். கார்டு ஸ்லிப்பிலோ வாட் நம்பர் உள்ள பில்லிலோ சரியான பெயர் கிடைக்கும்.

எங்கள் விசாரணை மாலை ஆறு மணிக்கு மேல். கமிஷனர்கள் சம்பளம் வாங்காமல் வந்து உட்காரும் வக்கீல்கள். கவுன், கூண்டு ஒன்றும் இல்லை. ஒரு மேஜை, எதிரெதிரே நாற்காலிகள். ஓட்டல்காரர் தன் கிச்சன் போட்டோக்களை டேப்லெட்டில் கொண்டுவந்திருந்தார், எல்லாம் பளபளவென்று. கமிஷனர் "இது எப்போது எடுத்தது?" என்று கேட்டார். முந்தைய வாரம் என்றார் அவர். நான் நீட்டியது அம்மாவின் சால்மொனெல்லா ரிப்போர்ட், பேங்க் ஸ்டேட்மென்ட், அப்புறம் அதே சனிக்கிழமை அதே கடையில் வாங்கிச் சாப்பிட்ட, டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதிக் குடும்பம் ஒன்று எழுதிக் கொடுத்த வாக்குமூலம். அவர்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கு வந்திருந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவாக இருந்தது அந்தப் பிரியாணி ஒன்றுதான். கேட்டது 16,400, கிடைத்தது 13,000. வேதனைக்குக் கேட்டதில்தான் குறைத்தார்கள். அப்பீல் கிடையாது, சொன்னது சொன்னதுதான்.

வக்கீல் வைக்கக் கையில் காசில்லையே?

பெரிய பாதிப்பு என்றால் 'ஜெயித்தால்தான் ஃபீஸ்' என்ற ஒப்பந்தத்தில் சில அட்டர்னிகள் எடுப்பார்கள். 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதை அனுமதிக்கிறது. அதன்படி ஜெயித்த கேஸுக்கான மொத்த ஃபீஸ் வழக்கமான ஃபீஸைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது, கிடைக்கும் தொகையில் 25 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. 40 சதவீதம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு யார் தலையில்? பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

வருமானம் குறைவு என்றால் லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவின் இலவச எண் 0800 110 110. பல்கலைக்கழகங்களின் லா கிளினிக்குகளும் உண்டு, டர்பனில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் ஒன்று இருக்கிறது.

எத்தனை நாளுக்குள் கேஸ் போட வேண்டும்?

மூன்று வருடம். நோய் வந்ததும் அதற்கான காரணமும் தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. குழந்தைகளுக்கு அவர்கள் மேஜரான பிறகும் ஒரு வருடம் அவகாசம் உண்டு. சட்டம் மூன்று வருடம் தரும், சாட்சி அவ்வளவு நாள் தாங்காது. சிசிடிவி பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும், அங்கே வேலை பார்த்த பையன் வேறு கடைக்குப் போயிருப்பான்.

ஓட்டல்காரர் இலவச வவுச்சர் தருகிறேன் என்கிறார். நம்ம ஆள் வேறு.

'நம்ம ஆள்' என்பதில்தான் பாதிக் கேஸ் கரைந்துபோகிறது. வவுச்சரை வாங்குவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். கூடவே ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால் மட்டும் நில்லுங்கள். 'முழுமையான, இறுதியான தீர்வு' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் ஒன்றும் கேட்க முடியாது. பேசித் தீர்ப்பது கேவலம் இல்லை, எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் உடம்பு சரியாகி, எல்லா பில்லும் வந்தபிறகு பேசுங்கள்.

ஃபேஸ்புக்கில் போட்டுக் கிழிக்கலாமா?

கோபம் புரிகிறது. இந்த நாட்டுச் சட்டத்தில் அவதூறுக்கு 'உண்மையைத்தான் சொன்னேன்' என்பது மட்டும் பதில் ஆகாது, பொதுநலனுக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். 'இந்தத் தேதியில் சாப்பிட்டோம், மூவருக்கு நோய், முனிசிபாலிட்டியில் புகார் கொடுத்திருக்கிறோம்' என்று எழுதுங்கள். 'பூனைக் கறி போடுகிறான்' என்று எழுதினால் கோர்ட்டுக்கு வரப்போவது நீங்கள், அதுவும் எதிராளியாக.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. தமிழில் பேச முடியுமா?

நாட்டின் 12 ஆட்சிமொழிகளில் தமிழ் இல்லை. ஆனால் அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவில், மதிப்பும் வளர்ச்சியும் பெற வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழின் பெயர் எழுதியே இருக்கிறது. பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நடைமுறைக்கு வருவோம்: மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சம்மன் போடும்போதே கிளார்க்கிடம் சொல்லிவிடுங்கள். விசாரணை அன்று சொன்னால் தள்ளிப்போகும். அம்மா பேசியது எல்லாம் தமிழில்தான்.

வேலை விசாவில் இருக்கிறேன். கேஸ் போட்டால் விசாவுக்குச் சிக்கலா?

இல்லை. இங்கே காசு கொடுத்துச் சாப்பிட்ட எல்லோரும் நுகர்வோர்தான், எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று யாரும் பார்ப்பதில்லை. ஊருக்குத் திரும்பும் தேதி நெருங்கினால் மட்டும் கிளார்க்கிடம் முன்பே சொல்லுங்கள்.

நிறையப் பேருக்கு வந்திருந்தால் சேர்ந்து கேஸ் போடலாமா?

போடலாம். லிஸ்டீரியா கேஸ் நினைவிருக்கும். 2017-18-இல் 1,060 பேருக்கு நோய் உறுதியாகி, 216 பேர் இறந்தார்கள். சொவேட்டோ நர்சரிக் குழந்தைகள் சிலர் ஆஸ்பத்திரிக்கு வந்து, அந்த நர்சரி ஃபிரிட்ஜில் இருந்த போலோனியை (பதப்படுத்திய இறைச்சி) சோதித்ததில்தான் நூல் பிடிபட்டது. நூலின் மறுமுனை பொலொக்வானேயில் டைகர் பிராண்ட்ஸ் நிறுவனத்தின் என்டர்பிரைஸ் ஆலை. 2018 டிசம்பரில் ஜோஹன்னஸ்பர்க் ஹைகோர்ட் கூட்டு வழக்குக்கு அனுமதி கொடுத்தது. சமரசத் தொகை பற்றிய பேச்சு உருப்படியாக நகர்ந்தது 2025-இல்தான். இடையில் ஏழு வருடம். கிருமியின் மரபணு வரை பொருத்திப் பார்த்த கேஸுக்கே இந்தக் கதி. ஒரு கல்யாண மண்டபத்தில் முப்பது பேர் என்றால் ஒரே அட்டர்னியிடம் சேர்ந்து போங்கள், ஒருவருக்கொருவர் சாட்சியாகவும் ஆகும்.

தீர்ப்பு வந்துவிட்டது, ஓட்டல்காரர் பணம் தரவில்லை.

தீர்ப்பு நகலோடு அதே கிளார்க்கிடம் திரும்பிப் போங்கள். விஷயம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மாறும். ஷெரிஃப் போய்க் கடைப் பொருளைக் குறித்துவைக்கலாம், தவணையில் கட்டச் சொல்லி உத்தரவும் வாங்கலாம். எங்களுக்கு இரண்டு தவணையில் வந்தது. இரண்டாவது தவணையைக் கொடுக்க ஓட்டல்காரரே வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு டப்பா ஜாங்கிரியோடு. அம்மா வாங்கி வைத்துக்கொண்டார், யாரும் திறக்கவில்லை.